கதவு எண் உட்பட

கடலூர் வக்கீல் குமாஸ்தா மணவாளன் கட்சிக்காரர்களின் ரகசியத்தை மனைவி ஸ்ரீமதியிடம்கூடச் சொல்லமாட்டார். ஆனால் செல்போனில் ஏஐயிடம் மனு எழுதச் சொன்னபோது, கணவனின் அடிக்குப் பயந்து சிதம்பரத்தில் ஒளிந்திருக்கும் பெண்ணின் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாவற்றையும் கோர்ட் பழக்கத்தில் கொடுத்துவிட்டார். அனுப்பிய பிறகுதான் செய்த தப்பு உறைத்தது. அழித்தார். அழிந்ததா என்று அதனிடமே கேட்டார்.

"எங்கிட்ட மட்டும் வாயத் தெறக்க மாட்டீங்க," என்றாள், அவர் வாய்விட்டுப் புலம்பியதைக் கேட்ட ஸ்ரீமதி. "ஏங்க, அவ புருஷன் கேட்டா அது சொல்லிடுமா?"

"தெரியலியே. அதான் பயமா இருக்கு."

வக்கீலிடம் ஓடிப்போய் ஒப்புக்கொண்டார். அன்று மாலையே அந்தப் பெண்ணை வேறு வீட்டுக்கு மாற்றினார்கள். ஏஐயை மணவாளன் விடவில்லை. 'ஒரு பெண், ஓர் ஊர்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். புது விலாசத்தை வக்கீல் சொல்ல வந்தபோது மட்டும் காதைப் பொத்திக்கொண்டார்.