வாழை இலை ஒட்டிய இடம்

எழுத்து எனக்குச் சரியாக வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது, மறதியும் உண்டு. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பக்கவாத நோயாளியை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் மகன் வீட்டில் இருந்தோம். ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரர் குடித்த தேநீர் வாயோரமாக வழிந்தது. துடைத்துக்கொள்ளாமல் என்னையே பார்த்தார். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் ரத்தம் அடைபடுவது) என்றார்கள். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. விழுங்கவும் முடியவில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும் நுரையீரலுக்குள் போய்விடுமாம். மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள்.

அடுத்த வாரம் விழுங்கும் சோதனை. அதில் தேறாவிட்டால் வயிற்றில் துளையிட்டுக் குழாய் என்றார் டாக்டர். "தண்ணி" என்று இவர் குழறிக் குழறிக் கேட்பார். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டு வெளியே போய் அழுவேன்.

மாடி வீட்டு ஜாய் பிலிப்பைன்ஸ்காரப் பெண், நர்ஸ் வேலை. அவள் தாயார் ரெமி தங்கள் ஊரில் ஹிலோட் (எண்ணெய் தடவி உருவும் நாட்டு வைத்தியம்) பார்த்தவர். யாரிடமும் போய்ப் பேசிப் பழக்கமில்லாத நான், அவர் கதவைத் தட்டினேன்.

"இதெல்லாம் தேவையா உம்மா? டாக்டர் கேட்டா சிரிப்பாரு," என்றான் மகன்.

"சிரிக்கட்டும். அவரு சிரிச்சா வாப்பாவுக்கு என்ன கொறஞ்சிடப் போவுது?"

டாக்டர் சிரிக்கவில்லை. மகன் வந்து சொன்னான்: "கை, தோள் ஓகேயாம். காலைத் தொடவே கூடாது. கிளாட் (ரத்தக்கட்டி) இருந்தா லங்ஸுக்குப் போயிடும். வாய்ல ஒரு சொட்டு கூட ஊத்தக் கூடாது."

ரெமி கஷாயம் காய்ச்சி வைத்திருந்தார். ஜாய் இதைச் சொன்னதும், முணுமுணுத்துக்கொண்டே அதைத் தானே குடித்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு வந்து, வாழை இலைக் கீற்றில் தேங்காய் எண்ணெய் தடவி இவர் தோளிலிருந்து மெல்ல இழுத்தார். இலை ஒட்டுகிற இடத்தில் நோய் இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. வழுக்கிக்கொண்டே வந்த இலை தாடைக்குக் கீழே நின்றது.

"அங்க குளிர் அடைச்சுக் கெடக்குதாம். அவங்க ஜெபம் பண்ணப் போறாங்க, நீங்களும் ஓதணுமாம் உம்மா," என்றான் மகன்.

ரெமி சிலுவை போட்டுக்கொண்டார். நான் பாத்திஹா ஓதினேன். தோளையும் கையையும் உருவியவர், தொண்டையில் அழுத்தாமல் உள்ளங்கையை மட்டும் வைத்திருந்தார். இவர் கண்மூடித் தூங்கினார். பலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

சோதனையில், வெள்ளை மருந்து தொண்டையில் இறங்குவதை டிவியில் காட்டினார்கள். பாதி தப்பான வழியில் போனது எனக்கே தெரிந்தது. வயிற்றில் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ரெமி இப்போதும் வந்து உருவிவிடுகிறார். விரல்கள் கொஞ்சம் இளகியிருக்கின்றன. அது அவர் கையாலா, தெரபியாலா, தெரியவில்லை. எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு என்ற பொழுதே இல்லை. பால் போன்ற ஒன்று குழாயில் சொட்டிக்கொண்டே இருக்கிறது. தாளித்தால் இவர் தலை திரும்புகிறது. அதனால் மாடி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறேன். ஒவ்வொரு கவளமும் என் தொண்டையில் எங்கே திரும்பி இறங்குகிறது என்பது தெரிகிறது. இத்தனை வருஷம் அது தெரியாமலே விழுங்கியிருக்கிறேன்.

ஒரு வருஷம் கழித்துக்கூட விழுங்கும் சக்தி திரும்பலாம் என்று டாக்டர் சொன்னதாக மகன் சொன்னான். சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மற்றதில் தப்பிருந்தால் போகட்டும். இதை மட்டும் விவரம் தெரிந்தவர் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.