ரேடானும் என் அண்ணனும்

என் அண்ணனைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் ஒரு காலத்தில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இப்போது நானே பேசுகிறேன். பேசாமல் என்ன செய்ய?

சங்கரன்கோவிலில் அப்பா கட்டிய மாடிவீட்டில் நாங்கள் ஒன்றாக இருந்தபோது ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்தாள். மாநிலம் முழுக்க வீடுவீடாக ரேடான் வாயுவை அளக்கிறார்களாம். மண்ணிலிருந்து தரைவெடிப்பு வழியாக ஏறி வருவது. மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய்கூட வரலாம் என்றாள். கீழே ஒன்று, மாடியில் ஒன்று என்று சின்ன டப்பாக்களைத் தொங்கவிட்டு, மூன்று மாதம் கழித்துக் கழற்றிப் போனாள். முடிவை அனுப்ப அண்ணனின் செல் நம்பரைக் குறித்துக்கொண்டாள். நான் அந்த விஷயத்தையே மறந்துவிட்டேன்.

அந்த வருஷமே பாகம் பிரித்தோம். எங்கள் பக்கம் மூத்தவன் பிரிப்பான், இளையவன் முதலில் எடுப்பான். யாரும் யாரையும் ஏமாற்ற முடியாத ஏற்பாடு என்று பேர். நான் மாடியைத்தான் எடுப்பதாக இருந்தேன். அண்ணன் என் தோளில் கை போட்டுத் தனியே கூட்டிப்போனான்.

"ஏலே, பிள்ளைக்கு இளைப்பு இருக்கு. தெனமும் படி ஏறி எறங்கணுமா? கீழ எடுத்துக்கோ."

என் மகள்மேல் இவ்வளவு பாசமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. மடையன்! பெரியவர்கள் முன்னால் கீழ்வீடு என்று நானே வாய்விட்டுச் சொன்னேன்.

இரண்டு வருஷம் கழித்து, போன மாசம் அந்த ஆராய்ச்சி மாணவி மறுபடி அளக்க வந்தாள். மகள் படுக்கிற அறையைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, சன்னலச் சாத்தியே வச்சிருக்கீங்க? கீழ அளவு ரொம்பக் கூடுதல், சன்னலத் தொறந்து வைங்க, வெடிப்ப அடைங்கன்னு அன்னைக்கே அனுப்பினோமே. பாத்துட்டேன்னு உங்க அண்ணன் பதில் போட்டாங்களே" என்றாள். தூசி பிள்ளைக்கு ஆகாது என்று நாங்கள்தான் சாத்தி வைத்திருந்தோம். அவள் செல்லில் காட்டிய தேதி, பாகம் பிரிப்பதற்கு முந்தின வாரம்.

மாடிக்கு ஓடினேன். அண்ணன் பதறவே இல்லை.

"நீயாத்தானலே எடுத்த? நானா ஒந்தலையில கெட்டுனேன்?"

"வீடு கெடக்கட்டும்ணே. சன்னலத் தொறந்து வையின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? பிள்ள படுக்க எடம்லா அது?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சொன்னா, ஏன்னு கேட்டிருப்பியே."

பாவி, இரண்டு வருஷமும் அந்தச் சன்னலைத் தாண்டித்தான் அவன் மாடி ஏறினான்.