வெள்ளையனுக்காகக் கட்டிய ஓட்டு வீடு

போன வாரம் எங்கள் தெருவில் யாரோ என் காம்பவுண்டு சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். கவுன்சிலர் தேர்தல் வருகிறதாம். யாரைக் கேட்டு அடிக்கிறீர்கள் என்று சண்டைக்குப் போனவன், ஈரச் சுண்ணாம்பின் வாசனை மூக்கில் ஏறியதும் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டேன். அந்த வாசனை ஜவ்வாது மலையில், நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த ஒரு மொட்டைச் சுவருக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது.

எண்பதுகளின் நடுவில் அங்கே எனக்கு முதல் வேலை. போளூரில் பஸ் ஏறினால் மலை வளைவுகளில் குடல் வாய்க்கு வந்துவிடும். சாமைச் சோறு தொண்டையில் சிக்கி நான் விழித்த விழிப்பைப் பிள்ளைகள் வருஷம் முழுக்க நடித்துக் காட்டினார்கள். வாத்தியார் என்ற மரியாதை அதோடு போயிற்று. நல்லதுதான், சிநேகிதர்கள் கிடைத்தார்கள்.

அப்படிக் கிடைத்தவர் சடையன். மலைக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் போவதற்கு முந்தைய கோடையில் அவர் ஊரில் ஒரு கூரையில் பிடித்த தீ, காற்றில் தாவித் தாவி ஊரையே எரித்திருந்தது. அவருடைய அம்மா அதில் போய்விட்டார். மிஞ்சியது அவரும் தம்பி வெள்ளையனும்.

ஊராட்சித் தலைவர் தேர்தல் அறிவித்தபோது சடையன் என்னிடம் வந்தார். “நானும் நிக்கப் போறேன் சார். புல்லுக் கூரை போயி ஓட்டு வூடு வரணும். பசங்க ஆள் புடிக்கிற மேஸ்திரி பின்னாடி காப்பித் தோட்டத்துக்குப் போவக் கூடாது. ஊர் புளியமரத்து ஏலக் காசுல ஊருக்கே ஒரு குடோன் கட்டணும். அப்பறம் வெளைஞ்சத கீழ யாவாரி சொல்ற வெலைக்கு நாம ஏன் குடுக்கணும்?”

அரசாங்க ஊழியன் தேர்தலில் கை வைக்கக் கூடாது. நான் வைக்கவில்லை. எழுத்துப்பிழை மட்டும் திருத்தினேன். ‘ஓட்டு வீட்டுக்கே ஓட்டு’ என்று அந்த மொட்டைச் சுவரில் காவியால் எழுதினார் சடையன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவன் வெள்ளையன். அடித்ததில் பாதி அவன் தலையிலேயே இருந்தது.

வெள்ளையனுக்கு அபாரமான குரல். இந்தச் சரிவில் நின்று கூவினால் அந்தச் சரிவில் மேயும் ஆடுகள் தலை தூக்கும். அண்ணன் ஓட்டுக் கேட்க வருவதை ஊர் ஊராக அவன்தான் முன்னால் நின்று கூவிச் சொல்வான். வாலிபர்கள் எல்லாரும் சடையன் பக்கம். எதிர்த்து நின்றவர் மேஸ்திரியின் மச்சான். அவர் ஓட்டுக் கேட்கவே அதிகம் வெளியே வரவில்லை. ஏன் என்று பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் காலையில் லாரி வந்தது. காப்பித் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், கையில் அட்வான்ஸ். இன்றைக்கு ஏறாவிட்டால் இந்த சீசனுக்கே வேலை கிடையாது என்றார் மேஸ்திரி. நான் போய்ச் சேர்ந்தபோது லாரி நிறைய வாலிபர்கள். லாரிக்கு முன்னால் சடையன் கையை விரித்து நின்றுகொண்டிருந்தார். மேலே வெள்ளையனும் இருந்தான்.

“நீயுமாடா?”

“நீ சொல்ற வூடு எப்பண்ணா வரும்? எரிஞ்ச வூட்டுக்குக் கூரை போடக்கூட நம்ம கையில ஒண்ணும் இல்ல.”

“எறங்குடா. நாளைக்கு ஒரு நாளு.”

“வழிய வுடுண்ணா. சீசன் முடிஞ்சதும் வந்துர்றேன்.”

சடையன் விரித்த கைகளை இறக்கினார். பிறகு விலகிக்கொண்டார். லாரி இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் வெள்ளையன் “ண்ணோவ்” என்று கூவினான். குரல் தேய்ந்துகொண்டே பள்ளத்துக்குள் போனது. கேட்காமல் போன பிறகும் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

சடையன் கொஞ்ச ஓட்டில்தான் தோற்றார். சீசன் முடிந்து மற்றவர்கள் வந்தார்கள், வெள்ளையன் வரவில்லை. வேறு தோட்டத்துக்குப் போனான் என்றான் ஒருவன். காய்ச்சலில் கிடந்தான், அப்புறம் பார்க்கவில்லை என்றான் இன்னொருவன். சடையன் தேடிப் போய், தாடியோடு திரும்பினார். “அப்பிடி ஒரு பேரே இல்லன்னுட்டாங்க சார்” என்றார்.

அடுத்த கோடையில் அவர் கடன் வாங்கி ஒரு ஓட்டு வீடு கட்டத் தொடங்கினார். ஒடுகத்தூரிலிருந்து வந்த ஓடுகளை, அந்தப் பக்கம் மலைக்கு ரோடு இல்லாததால், அடிவாரத்தில் இறக்கியிருந்தார்கள். அன்று லாரி ஏறிப்போன அதே பையன்கள், யாரும் கூப்பிடாமலே, அவற்றைத் தலையில் சுமந்து மேலே கொண்டுவந்தார்கள். அந்த வீட்டில் சடையன் ஒரு நாளும் படுத்ததில்லை. பக்கத்தில் குடிசை போட்டுக்கொண்டார். பொழுது சாய்ந்ததும் ஓட்டு வீட்டில் விளக்கு வைத்துவிட்டுக் கதவைத் திறந்தே வைத்திருப்பார். “அவன் வூடு சார் அது.”

பேசிக்கொண்டே இருப்பவர் சட்டென்று நிறுத்துவார். “கேட்டுச்சா சார்?” காற்றுதான் என்பேன். ஒரு சாயங்காலம் எனக்கும் கேட்டது. இரண்டு பேரும் எழுந்து வெளியே ஓடி வந்தோம். சரிவில் யாருமில்லை. ஆனால் எதிர்ச்சரிவில் ஆடுகள் தலை தூக்கி நின்றன. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். உங்களிடம் சொல்லலாம்.

பிறகு எனக்கு மாற்றல் வந்து கீழே இறங்கிவிட்டேன். சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்காக மலைக்குப் போனபோது அந்த ஊருக்கும் போனேன். வரிசையாகத் தளம் போட்ட வீடுகள். குடோன்கூட வந்திருக்கிறது. சடையன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறதாம். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் ஓட்டு வீடு எங்கே என்று கேட்டேன்.

“ஓட்டு வூடா? அப்பிடி எதுவும் இங்க இல்லீங்களே. நான் வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து பாத்ததில்ல.”

ரோட்டை அகலப்படுத்தியபோது இடித்துவிட்டார்களாம், டீக்கடைக்காரர் சொன்னார். எந்த இடம் என்று அவருக்கும் தெரியவில்லை, ஓடு சுமந்த பையன்களில் ஒருவரும் இப்போது ஊரில் இல்லையாம். வெள்ளையன் இன்றைக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால், உன் வீடு இங்கேதான் இருந்தது என்று கை காட்ட அந்த ஊரில் யாரும் இல்லை.