கிச்சனுக்குள் கால் வைத்த கோச்

லோர்னா டைக்ஸ்ட்ரா மறக்கிற ரகமுமில்லை, மன்னிக்கிற ரகமுமில்லை. மிச்சிகனில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு விளையாட்டு டீச்சர். பள்ளியின் உள்விளையாட்டுக் கூடமான ஜிம்மின் தரையில் மண்டியிட்டு, முழங்கால் கன்றிப்போக, சின்ன மட்டையால் வலைக்கு மேல் பந்தடிக்கும் பிக்கிள்பால் ஆட்டத்துக்கான கோடுகளை டேப்பால் ஒட்டி வைத்திருந்தாள். கூடைப்பந்து கோச் பிரென்ட் ஹோக்ஸெமா அத்தனையையும் உரித்து, உருட்டி, அவள் மேசைமேல் வைத்தான்.

"கிழடுங்க ஆடுற ஆட்டத்துக்கு ஜிம் எதுக்கு? சாப்பாட்டு ஹாலுக்குப் போம்மா. கிச்சன் பக்கத்துலயே இருக்கு, உனக்கு அதுதான் வசதி!"

ஆசிரியர் அறையே சிரித்தது. தலைமையாசிரியரும் சிரித்தார். ஜிம் போயே போய்விட்டது.

லோர்னா அந்த உருண்டையைக் குப்பையில் போடவில்லை. தினமும் அதைப் பார்த்து வயிறெரிந்தாள். இரு மகனே, இரு.

சாப்பாட்டு ஹாலில் கூரை தாழ்வு. ஓங்கி அடித்தால் விளக்கு உடையும். அதனால் பிள்ளைகள் பந்தை வலையோரம் மெத்தென்று போடப் பழகினார்கள். வலையோரப் பட்டைக்கு இந்த ஆட்டத்தில் பெயரே கிச்சன். தரையில் படாத பந்தை அதற்குள் நின்று அடிக்கக் கூடாது. அடித்த வேகத்தில் கால் உள்ளே போனாலும் தப்பு, புள்ளி எதிராளிக்கு.

ஒருநாள் வகுப்பு முடியும் நேரம். தலைமையாசிரியரோடு சாப்பிட வந்த ஹோக்ஸெமா வாயை அடக்கவில்லை.

"இந்தக் கிச்சன் கூட்டத்துல யாராவது என்னை ஜெயிச்சா ஜிம்மையே தந்துடுறேன்!"

"சார், கேட்டீங்கல்ல?" என்றாள் லோர்னா. தலைமையாசிரியர் சிரித்தபடி தலையாட்டினார்.

பிள்ளைகளில் இருப்பதிலேயே குட்டையான டெஸ்ஸை அழைத்துக் காதில் சொன்னாள்: "அவரு பாய்ற ஆளு. பந்தைக் கொஞ்சம் தூக்கி, வலைகிட்ட ஆசை காட்டு. மத்ததை அவரே பாத்துக்குவாரு."

டெஸ் ஆசை காட்டினாள். ஹோக்ஸெமா பாய்ந்து அறைந்தான். கால் கோட்டைத் தாண்டியது.

"கிச்சன்!" என்று கத்தினாள் லோர்னா.

மறுபடி பாய்ந்தான். "கிச்சன்!" இப்போது பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். அவனுக்குக் கோபம் ஏற ஏறக் கால் நிற்கவில்லை. ஆட்டம் முடிந்தபோது டெஸ் பதினொன்று, அவன் பூஜ்யம்.

"போதும் லோர்னா, மானத்தை வாங்காத," என்றான் தாழ்ந்த குரலில்.

அவளுக்கு இரக்கம் வரவில்லை, மனசுதான் குளிர்ந்தது. பிள்ளைகளோடு அவனை ஜிம்முக்கு நடத்திப்போய், கையில் புது டேப்பைக் கொடுத்தாள்.

"மண்டி போடுங்க கோச். கிச்சன் கோட்டுலேர்ந்து ஆரம்பிங்க. உங்களுக்கு அதுதான் வசதி."