சின்னப் பெட்டியின் மோட்டார்

அடையாற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்கள் எல்லாருக்கும் ஜோதிலட்சுமியின் வகையறாவைத் தெரியும். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அவர்கள் வீட்டுப் பெண்கள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுவார்கள். தாய் முத்தம்மா அப்படி, முத்தம்மாவின் அக்கா அப்படி, அந்த அக்கா பெற்ற மூன்று பெண்களும் அப்படி.

ஜோதி கட்டிக்கொண்ட பாலுவின் வகையறா வேறு. அவன் அப்பா அம்மாசி, பெற்ற தாய் செத்துக் கிடக்கையில், பாடைக்கு வந்த மூங்கில் ஒரு சாண் குறைகிறதென்று அளந்துகொண்டிருந்த மனிதர். அம்மாசியின் சித்தப்பா ஒருவர் கட்டை வண்டிச் சக்கரத்தோடுதான் பேசுவார் என்று கேலி உண்டு.

பாலு மேற்கு மாம்பலத்தில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். எதிரே நிற்கிற பெண்டாட்டியின் முகம் வாடியிருப்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. தலைவலி என்று வாய்விட்டுச் சொன்னால் உடனே எழுந்து போய் மாத்திரையும் டீயும் வாங்கி வருவான். சொன்னால்தான் தெரியுமா என்று ஜோதிக்கு ஆற்றாமை.

மூத்தவள் அன்புச்செல்வி ஒன்பது வயதில் டெங்குக் காய்ச்சலில் போனாள். முத்தம்மா அப்போது நெல்லூரில் தம்பி வீட்டில் இருந்தாள். அவள் வரும்வரை வைத்திருக்கவேண்டும் என்று வாடகைக்குச் சின்ன ஐஸ் பெட்டி கொண்டுவந்து பிள்ளையைக் கிடத்தினார்கள். தெருவே அழுதுகொண்டிருக்க, பாலு பெட்டிக்குப் பின்னால் குந்தி, மோட்டார் மூடியைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்துவிட்டான். பகல் முழுக்க ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

"பெத்த பொண்ணு உள்ள கீது, இவன் மோட்டார நோண்டிக்கினு கீறான் பாரு," என்றாள் ஒருத்தி.

சாயந்தரம் முத்தம்மா வந்து விழுந்தாள். தூங்குகிற மாதிரியே இருக்கிறாளே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ஜோதியின் காதிலோ பகலில் அந்த ஒருத்தி சொன்ன பேச்சுதான் நின்றது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நாலு வயது மகேஷைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் என்று பாலு கேட்கவில்லை. அதுவும் அவன் பேரில் குற்றமாயிற்று. கடையின் பின்புறத்திலேயே படுக்கை போட்டுக்கொண்டான். மாதம் ஒருமுறை வந்து, மாமியார் வீட்டில் எது ஓடவில்லையோ அதைச் சரிபண்ணிவிட்டுப் போவான். ஜோதி உள்ளேயே இருந்துகொள்வாள்.

பத்து வருஷம் ஓடிற்று. குடிசைகளை எடுத்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் குடிவைத்தார்கள். மகேஷ் வளர வளர அப்பனைப் போலவே ஆகிவந்தான். கூட்டாளி சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் கிழிந்து அலறுகிறான். இவன் செயின் ஏன் கழன்றதென்று பார்க்கிறான். பள்ளிக்கூடத்தில் இவனைக் கல்நெஞ்சன் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். டீச்சர் சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அப்போது ஆடி பிறந்திருந்தது.

டாக்டர் ஜெயலக்ஷ்மி மகேஷிடம் பல முகப் படங்களைக் காட்டி, இவர் கோபமா, வருத்தமா என்று கேட்டார். பாதிக்கு மேல் தெரியவில்லை. பிறகு நம்பர் கட்டங்களைக் கொடுத்தார். கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டான். இதைப்பற்றி ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, உங்கள் எச்சிலும் வேண்டும் என்று ஜோதியிடமும் ஒரு குப்பியைக் கொடுத்தார். அடுத்தவர் மனதை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறோம் என்பதில் ஒரு பங்கு பிறப்பிலேயே வருகிறது, அதுவும் ஒரு மரபணுவால் இல்லை, எத்தனையோ சின்னச்சின்னக் கூறுகள் சேர்ந்து, மிச்சம் வளர்ப்பிலும் வாழ்க்கையிலும் என்று பொறுமையாகச் சொன்னார். முகத்தைப் படிக்கத் தெரியாதது வேறு, பாசம் இல்லாதது வேறு என்றார்.

ஜோதி குப்பியை மூடி மேசைமேல் வைத்தாள்.

"அப்போ இவங்க அப்பாவுக்கும் அன்னிக்கு வலிச்சிருக்குமா டாக்டர்?"

"வலிச்சிருக்கும்மா. காட்டத் தெரிஞ்சிருக்காது."

அன்றைக்கே நேரே மாம்பலம் போயிருக்கலாம். ஆனால் ஆடி மாதத்தில் புருஷன் பெண்டாட்டி சேரக் கூடாது என்றாள் முத்தம்மா. பத்து வருஷம் பொறுத்தாய், ஆவணி பிறக்கட்டும், முறையாக அழைத்துவரலாம் என்றாள். ஜோதிக்கும் அது சரியென்றே பட்டது. அவனுக்கு ஒரு வேட்டி சட்டைகூட வாங்கி வைத்தாள்.

ஆடி முடிய நாலு நாள் இருக்கையில் பாலு கடையிலேயே மாரடைத்து விழுந்துவிட்டான்.

ஜோதியின் அடுக்குமாடி வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர், அன்றைக்குச் சின்னப் பெட்டி கொண்டுவந்த அதே ஷரீஃப் பாய். அழுது ஓய்ந்திருந்த ஜோதியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"பத்து வருசமா திங்கக்கெழமயானா என் கடைக்கு வந்து எல்லாப் பெட்டியையும் பாப்பாரும்மா. சின்னப் பெட்டிய மட்டும் என் ஆளுங்கள தொடவே வுடமாட்டார்."

"ஏன் பாய்?"

"அன்னிக்கு அதோட மோட்டார் நின்னு நின்னு ஓடிச்சில்ல? மாமியார் நெல்லூர்லர்ந்து வந்து பாக்கிற வரைக்கும் பாப்பா மொகம் மாறக் கூடாது பாய்னு சொல்லித்தான் ஒக்காந்தாரு. உன்கிட்ட சொல்லலியா?"

கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

பெண்களுக்கு நடுவே முணுமுணுப்பு எழுந்தது. பாலு கிடந்த பெட்டிக்குப் பின்னால் மகேஷ் குந்தி, காதை வைத்து மோட்டாரைக் கேட்டுக்கொண்டே அதன் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். முகத்தில் ஒன்றும் இல்லை.

"அப்பன் போயிட்டான், புள்ள இன்னா பண்ணிக்கினு கீது பாரேன். அதே ரத்தம்."

ஜோதி எழுந்தாள்.

"வுடுக்கா. அவன் அழுதுகினுதான் கீறான்."

போய் மகன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் கழற்றிய திருகாணிகளை ஒவ்வொன்றாக நீட்ட நீட்ட, தொலையாமல் முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.