யாருக்கு வலது

மதாருக்கு முப்பத்தெட்டு வயது வரை இடது, வலது என்ற இரண்டும் பெரிதாகத் தேவைப்பட்டதில்லை. சோற்றுக் கை எது, கால் கழுவும் கை எது என்பது எல்லோரையும்போல அவனுக்கும் தெரியும். அதற்கு மேல், நிலத்துக்கும் ஒரு இடதும் வலதும் உண்டு, ஆள் திரும்பினால் அவையும் கூடவே திரும்பும் என்று அவன் யோசித்துப் பார்த்ததே இல்லை. தோணியில் எல்லாம் காற்றின் பெயரில்தான். வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான். வீட்டுக்குள்ளும் அப்படியேதான். உப்பு எங்கே என்று கேட்டால், அடுப்புக்குக் கொண்டல் பக்கம் என்பாள் அவன் மனைவி நஸீரா.

தனுஷ்கோடியில் பிறந்து, பதினாலு வயதில் சரக்குத் தோணியில் ஏறியவன். கெட்டிக்காரன் என்று யாரும் அவனைச் சொன்னதில்லை. நம்பி ஏறலாம் என்பார்கள், அவ்வளவுதான். அறுபத்துநாலாம் வருஷத்துப் புயலில் தோணி போயிற்று, வீடு போயிற்று, நஸீராவின் தம்பியும் போனான். உயிரோடு எஞ்சிய இரண்டு பேரும் வேதாளையில் நஸீராவின் அக்கா குல்சும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்த முதல் வாரத்தில் நஸீரா ஒன்றே ஒன்று கேட்டாள். இனித் தோணியில் கால் வைப்பதில்லை என்று சொல்லுங்கள். சொன்னான். சொன்ன நேரத்தில் அது கஷ்டமாகவும் இல்லை, கடலைப் பார்க்கவே அன்று பிடிக்கவில்லை.

கஷ்டம் பிறகு வந்தது. கரையில் அவனுக்குத் தெரிந்த வேலை எதுவும் இல்லை. ரயில் பாதையில் கல் சுமந்தான். செங்கல் சூளைக்குப் போனான். எங்கும் ஒரு மாதத்துக்கு மேல் ஓடவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் நடந்தான், நடந்தால் கால் கரைக்குப் போயிற்று. குல்சுமின் கணவர் எதுவும் சொல்லமாட்டார். சொல்லாமல் இருப்பதைத் தினமும் கேட்டுக்கொண்டிருப்பது மதாருக்குத் தாங்கவில்லை. அவர்தான் அறுபத்தாறு ஆடியில் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். சாயல்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளத்துக்குக் காவல்காரர்கள் பன்னிரண்டு பேர் வேண்டும். கம்பு பிடிக்கத் தெரிய வேண்டும். தெரியாதவர்களைப் பத்து நாள் அங்கேயே தங்கவைத்துச் சிலம்பம் சொல்லிக்கொடுத்து, தேறுகிறவர்களை எடுத்துக்கொள்வார்கள்.

கிளம்பும்போது நஸீரா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இது கிடைக்காவிட்டால் அடுத்து என்ன என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தொண்டியில் தோணிக்காரர்கள் இருந்தார்கள். மதாரைத் தெரிந்தவர்கள்.

உப்பளத்தில் முப்பத்தோரு பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலும் மழை பொய்த்த ஊர்களின் விவசாயிகள். வாத்தியார் கூத்தையா கமுதிப் பக்கத்துக்காரர், வயது முப்பது இருக்காது. உரத்துப் பேசாதவர். ஆளைக் கூட்டி நிறுத்தி உபதேசம் செய்கிற வழக்கம் அவரிடம் இல்லை. தினமும் சாயங்காலம் எல்லோரும் கம்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் விடியும்போது பேரைச் சொல்லி ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். யாருடைய பேர் வரவில்லையோ அவன் தன் மூட்டையை எடுத்துக்கொண்டு ஏழு மணிப் பஸ்ஸுக்குப் போகவேண்டியதுதான். காரணம் சொல்லமாட்டார், யாரும் கேட்டதுமில்லை. இரண்டாம் நாள் காலையிலேயே நான்கு பேர் போனார்கள்.

அதிலிருந்து மதாருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து பாத்தி வரப்பில் போய் நின்றுகொள்வான். கம்பு கைக்கு வந்த பிறகும் நிம்மதி இல்லை, அடுத்த விடியல் அப்போதே தொடங்கிவிடும்.

துடுப்புப் போட்டுக் காய்த்த கை அவனுடையது. ஆனால் கம்பு உரசுகிற இடம் வேறு. கட்டைவிரல் இடுக்கில் கொப்புளம் கட்டி உடைந்து, உப்புக் காற்றுப் பட்டு எரிந்தது. அது பெரிய விஷயமில்லை. காலில்தான் விஷயம் இருந்தது. சிலம்பத்தில் நான்கு மூலைக்கும் காலெடுத்து வைத்து, உள்ளே எவனையும் விடாமல் ஆடுவதை வீடு கட்டுவது என்பார்கள். வடக்கே பார்த்து நின்றபோது மதார் சரியாகவே கட்டினான். வரிசையைத் தெற்கே திருப்பி நிறுத்தி, "வலது முன்னே" என்று கூத்தையா சொன்னதும் இருபத்தாறு பேர் ஒரு பக்கம் போனார்கள், மதார் மறுபக்கம் போனான். காலையில் வலது என்று எந்தப் பக்கம் போனானோ, அந்தக் கொண்டல் பக்கத்துக்கே இப்போதும் போனான். அவன் கம்பு பக்கத்தில் நின்ற சின்னச்சாமியின் மண்டையில் விழுந்தது.

சின்னச்சாமி முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயி. அவனுக்கு வாய் சும்மா இருக்காது. தலையைத் தடவிக்கொண்டே கேட்டான்:

"ஏன் பாய், உங்க வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம்? காலையில ஒரு பக்கம் இருந்துச்சு. இப்ப என் மண்டையில இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். மதாரும் சிரித்துவைத்தான். ஆனால் சாயங்காலமும் அதுவே நடந்தது, மறுநாளும் நடந்தது. மூன்றாம் நாள் கூத்தையா அவனைத் தனியே நிறுத்தி, நாலு திசைக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கோளாறு அவருக்குப் பிடிபட்டது.

"பாய், நீங்க திரும்புறப்ப உங்க வலதும் கூடத் திரும்பும். அது மடியில கட்டுன சாமான் மாதிரி. போற இடமெல்லாம் வரும்."

"நான் திரும்புனா வாடை திரும்பாதுல்ல, வாத்தியாரே."

"வாடைய விடுங்க. உங்களை அடிக்க வாரவன் வாடையப் பாத்துக்கிட்டா வாரான்?"

மதாருக்குப் பதில் இருந்தது. இருப்பது எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும், நாம் திரும்புவதால் அது ஏன் பேர் மாற வேண்டும் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவனுக்கு வேண்டியது பதில் இல்லை, அடுத்த நாள் காலையில் ஒரு கம்பு.

அன்று மத்தியானம் சின்னச்சாமி தன் துண்டிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து மதாரின் வலது மணிக்கட்டில் கட்டிவிட்டான். துணி இருக்கும் பக்கம் வலது, யோசிக்க வேண்டாம், பார்த்தால் போதும் என்றான். ஒரே வேலைக்குப் போட்டி போடுகிறவன் இதை ஏன் செய்கிறான் என்று மதார் சந்தேகப்பட்டான். கட்டிய முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்.

துணி உதவிற்று. முதலில் பார்த்துப் பார்த்து ஆடினான். பிறகு பார்க்காமல், மணிக்கட்டில் துணி உரசுவதை வைத்தே ஆடினான். ஆறாம் நாள் அவன் கால் தடுமாறவில்லை. கூத்தையா அவன் முன்னால் வந்து நிற்பதைக் குறைத்துக்கொண்டார். ஆட்கள் பதினெட்டாகக் குறைந்திருந்தார்கள்.

ஏழாம் நாள் லுஹர் தொழுகை நேரம். முகாமில் இருந்த முஸ்லிம்கள் நான்கு பேரும் பனை மரங்களுக்கு நடுவே தொழுவது வழக்கம். மேற்கு எது என்று யாரும் கேட்டதில்லை. மதார் துண்டை விரிக்கும் பக்கத்தைப் பார்த்துத் தங்கள் துண்டுகளை விரிப்பார்கள். அன்று வெயில் உச்சியை விட்டுச் சாய்ந்தும் சாயாமலும் நின்றது, காற்று ஒரு கணம் ஓய்ந்திருந்தது. மதார் துண்டை உதறினான். விரிக்கவில்லை. உதறிய துண்டோடு அப்படியே நின்றான். தன் வலது எது, இடது எது என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கச்சான் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

பெருநாழியிலிருந்து வந்த அகமது கபீர் பின்னால் காத்திருந்துவிட்டு, மெதுவாக, "உப்புக் கொட்டகைக்கு நேரா நில்லுங்க, மாமு" என்றான்.

தொழுது முடித்ததும் மதார் நெடுநேரம் எழவில்லை. நடுக்கடலில், வானம் மூடம் போட்ட நாட்களில், கரை தெரியாமல் இரண்டு பகல் கிடந்திருக்கிறான். அப்போதுகூட இப்படி ஆனதில்லை. வீட்டையும் தோணியையும் கொண்டுபோன புயல்கூட இதை விட்டுவைத்திருந்தது. எட்டாம் நாள் விடியுமுன் மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் வரும் சாலை வரை நடந்தான். வேதாளையில் நஸீரா முகத்தை நினைத்தான். திரும்பி வந்து வரிசையில் நின்றான். அவன் பேரைக் கூப்பிட்டார்கள்.

அந்த நாளும் அடுத்த நாளும் அவன் இருப்புக்கொள்ளாமல் ஆடினான். மற்றவர்கள் நிழலில் உட்காரும் நேரத்தில் இவன் வெயிலில் வீடு கட்டினான். நடுவில் நிறுத்தி, கண்ணை மூடி, காற்றைக் கன்னத்தில் வாங்கிப் பார்ப்பான். சில சமயம் வாடை எந்தப் பக்கம் என்று பிடிபட்டது, அப்போது வலது போய்விடும். வலது வந்தால் வாடை இல்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியும் என்று அவனுக்குத் தோன்றியது. அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் தெரியவில்லை.

பத்தாம் நாள் காலையில் பதின்மூன்று பேர் கம்பு வாங்கினார்கள். இடம் பன்னிரண்டு. பதினோரு பேர் உறுதி என்று கூத்தையா சொல்லி, அவர்களை ஓரமாக உட்காரவைத்தார். மீதி இரண்டு பேர் மதாரும் சின்னச்சாமியும். கம்பு நுனியில் துணி உருண்டை கட்டி, கரிக் குழம்பில் தோய்த்துக் கொடுத்தார். இடுப்புக்கு மேலே யார் உடம்பில் முதலில் கரி படுகிறதோ அவன் ஊருக்குப் போகலாம். கையில் எதுவும் கட்டியிருக்கக் கூடாது என்பது முறை. மதார் துணியை அவிழ்த்துச் சின்னச்சாமியிடம் நீட்டினான். அவன் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான். அன்று அவன் வாயிலிருந்து ஒரு கேலியும் வரவில்லை.

ஆட்டம் தொடங்கியதும் காற்று எழுந்தது. மதாருக்கு அது முகத்தில் பட்டது. உடனே நாலு மூலையும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன, பத்து நாளாகப் பூட்டிக் கிடந்த உடம்பு திறந்துகொண்டது. அவன் ஆடியது வாத்தியார் சொன்ன அடியும் அல்ல, பழைய தடுமாற்றமும் அல்ல. சின்னச்சாமி பின்னால் போய்க்கொண்டே இருந்தான். அவன் குதிகால் பாத்தியின் வரப்பில் தட்டியது. இன்னும் ஒரு வீச்சு, அவன் நெஞ்சில் கரி பட்டுவிடும். மதார் கம்பை ஓங்கிவிட்டான்.

"வலம்!" என்றார் கூத்தையா.

நடுவில் அப்படிக் கூப்பிட்டால் இரண்டு பேரும் அடியை நிறுத்தி, அவரவர் வலப்பக்கம் வட்டமாக மாறிக்கொள்ள வேண்டும். சொல் கேட்டு நிறுத்தாமல் அடிக்கிற ஆள் காவலுக்கு ஆகமாட்டான் என்பது அவர் கணக்கு. மதார் அடியை நிறுத்தினான். அதுவரை சரி. பிறகு நின்றான். சின்னச்சாமியின் வலது கொண்டல் பக்கம், என் வலது கச்சான் பக்கம், அப்படியானால் நான் போக வேண்டியது என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அது ஓடி முடிப்பதற்குள் இடது தோளில் ஈரமாக ஏதோ பட்டது.

கூத்தையா வந்து மதாரின் கையிலிருந்து கம்பை வாங்கிக்கொண்டார். வழக்கத்துக்கு மாறாக ஒரு வார்த்தை சொன்னார்: "ஆட்டம் நல்லாத்தான் இருந்துச்சு, பாய்." அது ஆறுதலாக இல்லை.

சாலையில் நிற்கும்போது சின்னச்சாமி பின்னாலேயே ஓடிவந்தான். என்ன சொல்வது என்று யோசிக்காமலே வந்திருந்தான் போலிருந்தது.

"நான் அடிக்கல பாய். கம்பு போய்ப் பட்டுருச்சு."

"பட்டதுதான் கணக்கு."

"நீங்க ஏன் நின்னீங்க? வலம்னுதானே சொன்னாரு?"

"யாருக்கு வலம்னு பாத்தேன்."

அன்றைக்குத் துணி கட்டிவிட்டது ஏன் தெரியுமா என்று சின்னச்சாமி கேட்டு, அவனே சொன்னான்: "எப்படியும் அஞ்சாம் நாள் போயிருவீகன்னு நெனச்சேன். இல்லாட்டி கட்டியிருக்க மாட்டேன்." மதார் அவன் தோளில் கையை வைத்தான். பொய் சொல்லாத ஆள் என்று நினைத்தான். அதற்கு மேல் அன்பு ஒன்றும் ஊறவில்லை.

வேதாளையில் நஸீரா ஓலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவள் கை நிற்கவில்லை.

"வேற எங்கனயாச்சும் கேட்டீங்களா, மச்சான்?"

கேட்டிருந்தான். திரும்பி வரும் வழியில் சாயல்குடி அரிசி மில்லில் இறங்கிக் கேட்டான், ராமநாதபுரத்தில் லாரி ஷெட்டில் கேட்டான். சொன்னான். அவள் ஒரு ஓலையை மடக்கி, நகத்தால் கீறி, இன்னொன்றில் செருகினாள்.

"தொண்டியில யாரு தோணிக்கு ஆள் தேடுறாக?"

மதார் பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்த பேரை அவன் இன்னும் சொல்லவே இல்லை.

"நான் விட்டுக் குடுக்கறேன்னு நெனைச்சுக்காதீங்க" என்றாள் நஸீரா. "நீங்க குடுத்த சொல்லு அது. உடைக்கிறதா இருந்தா நீங்கதான் உடைக்கணும். போயிக்கிடுங்கன்னு என் வாயால வராது."

மூன்று நாள் அவன் கரைக்கும் வீட்டுக்கும் நடந்தான். நான்காம் நாள் சொல்லை உடைத்தான். தொண்டியில் சதக்கத்துல்லா என்பவரின் தோணியில் ஏறினான். இரண்டு மாதம் கழித்து நஸீராவும் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தாள். எதற்காக வந்தாய் என்று அவன் கேட்கவில்லை. அதன்பின் பல வருஷம் அவன் கடலில்தான் போய்வந்தான். பயணம் சொல்லி ஸலாம் சொன்னால் அவள் பதில் ஸலாம் சொல்வாள். வரும்போது மண்ணெண்ணெய் வேண்டும், புளி வேண்டும் என்பாள். போயிட்டு வாங்க என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவனும் அதற்காக வாசலில் ஒரு கணம் கூடுதலாக நிற்பதை விட்டதில்லை.