ஹல்வார்ட் பேராயரும் மதிலுக்குள் உறங்கும் என் பிள்ளையும்

குளிர்காலத்தில் வடதேசத்து எங்கள் நிதாரோஸ் ஊர்க் கிணற்றின் இரும்புப் பிடியைத் தொட்டால் தோல் உரிந்து வரும். விடிகாலை ஜெபத்துக்குப் போகும் ஹல்வார்ட் சாமியார் தம் கம்பளிக் கையுறைகளைத் தினமும் அந்தப் பிடியில் மறந்துவிட்டுப் போவார்.

"பாரிசுல போய்ப் படிச்ச மூளை! கையுறைய ஞாபகம் வச்சுக்கத் தெரியல பாரு," என்பாள் எங்கள் தெரு மருத்துவச்சி ரக்ன்ஃப்ரித். சொல்லிக்கொண்டே அதை மாட்டிக்கொண்டு நீர் இறைப்பாள்.

மீன் காயவைத்துப் பிழைத்த வீட்டுப் பிள்ளை அவர். கப்பலேறிப் போய்ப் படித்துத் திரும்பி, பேராலயப் பள்ளியில் பாடம் சொன்னார். பழைய பேராயர் இறந்ததும் குருக்கள் கூடி இவரையே தேர்ந்தெடுத்தார்கள். ரோமாபுரிக்குப் போய்ப் பாப்பரசரிடம் பேராயர் பதவிக்கு அடையாளமான ஆட்டுமயிர்ப் பட்டையைத் தோளில் வாங்கி வந்தார். அதற்குப் பிறகும் மீன்தலைச் சாறு என்றால் இன்னொரு கிண்ணம் கேட்பார்.

அவர் பேராயராகி வந்த வருடம்தான் ரக்ன்ஃப்ரித் விஷயம் வெளியே வந்தது. சாகக்கிடக்கும் சிசுவுக்கு மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். பனித்தண்ணீர் பட்டால் இருக்கிற உயிரும் போய்விடுமே என்று ரக்ன்ஃப்ரித் அடுப்போரம் வெதுவெதுப்பாக இருந்த பீரை ஊற்றியிருக்கிறாள். ஒரு வீட்டில் பார்த்தவர்கள் பங்குச் சாமியார் நிக்குலாசிடம் சொல்லிவிட்டார்கள். அந்தக் குழந்தை பிழைத்தது. தண்ணீரில் மறுபடி கொடுத்தாயிற்று.

என் பிள்ளை ஓர்ம் பிழைக்கவில்லை. பிறந்த அன்றே போனவன். அவனுக்கும் பீர்தான், நான் காய்ச்சி விற்கும் அதே பீர். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கே இடமுள்ள கோயில் மதிலுக்குள் அடக்கம் செய்திருந்தோம்.

"ஞானஸ்நானம் செல்லாது. தோண்டி எடுத்து மதிலுக்கு வெளிய புதைக்கணும்," என்றார் நிக்குலாஸ்.

நானும் ரக்ன்ஃப்ரித்தும் பேராயரிடம் ஓடினோம். நிக்குலாசும் பின்னாலேயே வந்தார்.

"தப்பு என்னோடது, பேராயர் ஆண்டவரே. அந்தப் புள்ளய விட்ருங்க," என்று அழுதாள் அவள்.

"பீரால ஞானஸ்நானம் ஆகாதும்மா. பள்ளிக்கூடத்துல அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். இப்ப மாத்திச் சொல்ல மாட்டேன்," என்றார் பேராயர்.

நிக்குலாஸ் கிளம்பத் திரும்பினார்.

"இருங்க நிக்குலாஸ். கடவுள் நமக்குத் தண்ணியக் கொடுத்தாரு. தண்ணி படாத யாரையும் தொட மாட்டேன்னு தன் கையக் கட்டிக்கிட்டாரா என்ன? மண்வெட்டி எடுக்கிறவன் மொதல்ல என்னைப் பாத்துட்டுப் போகட்டும்."

"சட்டம்னு ஒண்ணு இருக்கே, ஆண்டவரே?"

"இருக்கு. அந்தப் புள்ளைக்குக் கடவுள் என்ன செஞ்சாருன்னு நமக்குத் தெரியுமா? தெரியாம எப்படித் தோண்டுறது?"

பேராயர் ரக்ன்ஃப்ரித் பக்கம் திரும்பினார். "சின்னத் தோல்பையில தண்ணி அடைச்சு ஆடைக்குள்ள வச்சுக்க. உன் உடம்புச் சூட்டுலயே வெதுவெதுன்னு இருக்கும். பீரு எங்களுக்கு மிச்சமாகும்."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். இன்று எங்கள் ஊரில் பையில்லாமல் பிரசவத்துக்குப் போகும் மருத்துவச்சி கிடையாது. ஓர்ம் வைத்த இடத்திலேயே இருக்கிறான். கடவுளுக்கு ஸ்தோத்திரம்.

வயதான காலத்தில், இருமலோடு, வடக்கே உள்ள பங்குக் கோயில்களைப் பார்க்கப் பேராயர் கிளம்பினார். படகுத்துறைக்கு நானும் போயிருந்தேன். ஏறப்போனவர் என்னைக் கண்டு நின்றார்.

"ஆஸா, ஒண்ணு கேக்க விட்டுப்போச்சு. நான் உனக்கு முந்தி மேல போயிட்டா ஓர்மைப் பாக்கணும்ல? அவன் முடி என்ன நிறம்?"

"செம்பட்டை, ஆண்டவரே."

"அப்ப எவ்வளவு கூட்டமா இருந்தாலும் கண்டுபிடிச்சிருவேன். அம்மா சுகமா இருக்கான்னு சொல்றேன்."